கிரேக்கப் புராணத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறீர்களா? முதலில் பாட்டியைக் கூப்பிடச் சொல்லுங்கள்

பிள்ளைக்கு யாரும் வைக்காத பெயராக வேண்டும் என்ற ஆசை சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதில்லை. ஒரு தலைமுறை வடமொழிப் பெயர்களைத் தேடியது. அடுத்தது சங்க இலக்கியத்தின் பக்கம் திரும்பியது. இப்போது சிலர் கிரேக்கப் புராணம் வரை போயிருக்கிறார்கள். முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் அப்படிப்பட்ட பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். வைக்கலாமா கூடாதா என்ற வாக்குவாதம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பலரும் இணையத்தில் ஒரு பட்டியலை எடுத்து, பொருள் அழகாக இருக்கும் பெயர்களுக்கு நேரே குறி போட்டுக்கொள்கிறார்கள். வரிசையே தப்பு. பெயரின் பொருளை உறவினர்கள் ஒரு முறை கேட்பார்கள், மறந்துவிடுவார்கள். பெயரையோ வாழ்நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். ஆகவே முதலில் காது, பிறகு கதை, கடைசியில் காகிதம் என்ற வரிசையில் போங்கள்.

முதல் படி: தமிழில் எழுதி, உரக்கக் கூப்பிடுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தமிழில் எழுதுங்கள். கிரந்த எழுத்தையும் ஆய்த எழுத்தையும் முடிந்தவரை தவிர்த்தே எழுதுங்கள். மூத்தவர்கள் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். டாஃப்னி ‘டாப்னி’ ஆவாள், அதனால் மோசம் ஒன்றுமில்லை. ஃபீபி ‘பீபி’ ஆவாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதியதைக் கொஞ்சலாக ஒரு முறை, அதட்டலாக ஒரு முறை, நான்காம் மாடித் தாழ்வாரத்திலிருந்து புளோக்குக்குக் கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தில் ஐயோ என்றொரு இளம்பெண் இருக்கிறாள். தேவர்களின் அரசன் ஜீயஸ் அவள்மேல் ஆசைப்பட்டு, மனைவி ஹீராவிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவளைப் பசுவாக மாற்றிவிட்டான். வியாழனைச் சுற்றும் துணைக்கோள் ஒன்றுக்கும் அவள் பெயர்தான். சின்னப் பெயர், வானியல் பெருமையும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைத் தாழ்வாரத்திலிருந்து கத்திக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து ஓடிவருவார்கள்.

தாலியா என்பவள் நகைச்சுவை நாடகத்துக்கு உரிய கலைத்தேவி. பெயரின் பொருளோ தழைப்பது, பூப்பது. எல்லாம் சரி. குழந்தையைப் பார்க்க வந்த பெரியம்மா “என்னது, தாலியா?” என்று கேட்பதற்குத் தயாராக இருங்கள். அதே கேள்வியை அவள் கல்யாண வயதிலும் கேட்பார்கள். பூமித்தாய் காயாவுக்கும் இதே சிக்கல். தேர்வு முடிவு வரும் நாளெல்லாம் “காயா, பழமா?” என்று மாமா கேட்காமல் இருக்கமாட்டார். இத்தனைக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் திறந்த பெரிய மரக் கட்டடத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு மாமா கிடையாது.

ஆண் பிள்ளைகளுக்கு எவாண்டர் என்ற பெயரைச் சிலர் விரும்புகிறார்கள். ரோம் நகரம் உருவாவதற்கு முன்பே அந்த இடத்தில் வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் நல்ல மன்னன் அவன். வேகமாகச் சொன்னால் ‘எவன்டா’ என்று விழுகிறது. காஸ்டர் என்றால் விளக்கெண்ணெய் நினைவு வரும். ஹெக்டர் என்ற மாவீரனைத் தமிழ் வகுப்பில் ஹெக்டேர் ஆக்கிவிடுவார்கள். ஆந்தியா, மலர்களுக்கு உரியவள் என்று ஹீராவைக் குறிக்கும் பெயர். தமிழ்க் காதில் அது ஆந்தையைத் தவிர வேறொன்றாகவும் விழாது. வேடிக்கை என்னவென்றால், உண்மையில் ஆந்தையைத் தன் பறவையாக வைத்திருப்பவள் அதீனா. அவள் பெயரோ நம் காதுக்கு ஆதீனம் போலக் கேட்கிறது. திருநீறு மணக்கும் பெயர். தாத்தாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

காதுக்கு இதமாக விழும் பெயர்களும் இருக்கின்றன. ஐயாந்தி என்றொரு நீர்த்தேவதை. ஊதாப்பூ என்ற பொருள் தரும் பெயர். ஜெயந்தி, வசந்தி என்று கூப்பிட்டுப் பழகிய எந்த அத்தைக்கும் அது தடுக்காது. அவளுடைய சகோதரி ஸாந்தி. ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் மிடுக்கான பெயர். பாட்டி வாயில் அது சாந்தி. பாட்டிக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் மகிழ்ச்சி. சூரியன், நிலவு, விடியல் மூன்றையும் பெற்றெடுத்த தேயாவைத் தியா என்று கூப்பிட்டால், நம் வீடுகளில் ஏற்கெனவே புழங்கும் பெயராகிவிடுகிறது. ஜீயஸின் தாய் ரியா பற்றிச் சொல்லவே வேண்டாம். தகப்பன் குரோனஸ் பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தபோது, கடைசிப் பிள்ளையைக் கிரீட் தீவில் ஒளித்துவைத்து, துணியில் சுற்றிய கல்லைக் கணவனிடம் நீட்டியவள் அவள். தேவகி கதையும் கோகுலமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆண் பிள்ளைகளுக்கு என் தேர்வு அரியோன். கொள்ளையடிக்கத் துணிந்த மாலுமிகளிடம் கடைசியாக ஒரு பாட்டுப் பாட அனுமதி கேட்டு, பாடி முடித்துக் கடலில் குதித்த பாணன். அவனை டால்ஃபின் ஒன்று முதுகில் சுமந்து கரைசேர்த்தது என்பது கதை. தமிழில் எழுதினாலும் அழகான சொல்லாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘அராயன்’ என்று வாசிப்பவர்களை மட்டும் முதலிலேயே திருத்திவிட வேண்டும்.

அண்டை வீட்டு நாக்குகள்

இது சிங்கப்பூர் என்பதால் தமிழ்க் காதோடு சோதனை முடியாது. ஐரிஸ் வானவில்லின் தேவதை, தேவர்களின் தூது. எழுத்தில் அதே பெயர் மலாயில் மெல்லியதாக வெட்டும் துண்டைக் குறிக்கும். காயாவின் ஒலி மலாயில் பாணி, நடை என்ற பொருள் தரும். ரியாவுக்கு மட்டும் அங்கும் யோகம்: மலாயில் அது களிப்பு. ஸாந்தியின் எக்ஸ் எழுத்தைச் சீன ஆசிரியர்கள் மாண்டரின் எழுத்துப் பழக்கத்தில் ‘ஷான்’ என்று தொடங்கி வாசிக்கக்கூடும். பலதுறை மருந்தகத்தில் தாதி உங்கள் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார் என்பது தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நாளும் வரும். மலாய், சீன நண்பர்கள் இருவரிடம் பெயரை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். உச்சரிப்பை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சோதனை வீண்.

அப்படியே இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். இந்த ஊரில் எந்தப் பெயர் அபூர்வம்? குளோயி, டாஃப்னி, ஐரிஸ், கசாண்ட்ரா, ஜேசன் எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவைதான். ஆனால் இங்கே பாலர் பள்ளி வாசலில் அடிக்கடி காதில் விழுகிற பெயர்கள். தமிழ்க் குடும்பத்தில் அபூர்வமாக இருந்தாலும் வகுப்பறையில் அபூர்வமாக இருக்காது. அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால், எல்லாருக்கும் எழுத்துக்கூட்டத் தெரிந்த பெயர் என்பதே ஒரு வசதி.

இரண்டாம் படி: நட்சத்திரத்தை எதிரியாக்காதீர்கள்

பெரியவர்களோடு சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். குழந்தை பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பார்கள். கிரேக்கப் பெயர் அதில் எங்கே பொருந்தும் என்று நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். உண்மையில் இது உங்களுக்குச் சாதகமான இடம். கிரேக்கக் கதைகளில் பாதி வானத்தில்தான் இருக்கின்றன, நம்முடைய இருபத்தேழு நட்சத்திரங்களும் அதே வானத்தில்தான் இருக்கின்றன.

கார்த்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். முருகனுக்குப் பாலூட்டிய பெண்கள் ஆறு பேர் என்று நாம் சொல்கிறோம். அதே விண்மீன் கூட்டத்தைக் கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்றார்கள். வானத்தைச் சுமக்கும் அட்லஸின் மகள்கள் அவர்கள்: மாயா, எலெக்ட்ரா, டைஜெட்டி, அல்சையோனி, செலீனோ, ஸ்டெரோப்பி, மெரோப்பி. வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறுதான் தெரியும் என்பதால், ஏழாவது பெண் ஏன் தெரிவதில்லை என்பதற்கும் கதை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் தேவர்களோடு சேர, தான் மட்டும் சிசிபஸ் என்ற மனிதனை மணந்த வெட்கத்தில் மெரோப்பி முகத்தை மறைத்துக்கொண்டாள் என்பது ஒரு கதை. ட்ராய் நகரம் வீழ்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் எலெக்ட்ரா மறைந்தாள் என்பது இன்னொரு கதை. கார்த்திகையில் பிறந்த பேத்திக்குக் கார்த்திகைப் பெண்களில் ஒருத்தியின் பெயர் என்று சொன்னால் எந்தத் தாத்தா மறுப்பார்?

அந்த நட்சத்திரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எழுத்துகள் அ, இ, உ, எ. அல்சையோனி அதற்குள் அடங்கிவிடுகிறாள். அந்தக் கூட்டத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீனுக்கும் அவள் பெயர்தான். வீட்டில் அல்லி என்று சுருக்கிக் கூப்பிடலாம். இதே பெயருள்ள இன்னொரு பெண் கடலில் கணவனை இழந்து மீன்கொத்தியாக மாறினாள் என்பதால், இருவரையும் குழப்புகிறவர்கள் உண்டு. பீஷான் பூங்காவில் நீரோரம் உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியின் அறிவியல் பெயரில் இருப்பவள் அந்த இரண்டாமவள். எலெக்ட்ராவும் எழுத்துக்குப் பொருந்துவாள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது அகமெம்னனின் மகள், தாயைக் கொல்லத் தம்பியைத் தூண்டியவள். நான் தவிர்ப்பேன்.

மற்ற நட்சத்திரங்களுக்கும் வழி இருக்கிறது. திருவாதிரையும் மிருகசீரிடமும் வேடன் ஓரையனின் உடலில் இருக்கின்றன: சிவந்து மின்னும் திருவாதிரை அவன் தோள், மிருகசீரிடம் அவன் தலை. புனர்பூசம் இரட்டையர் காஸ்டரும் போலக்ஸும். இரட்டைக் குழந்தை என்றாலும் அந்தப் பெயர்களைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, காரணம் முன்பே சொன்ன விளக்கெண்ணெய். உத்திரட்டாதியில் பிறந்தவளுக்கு ஆண்ட்ரோமெடா. தாயின் தற்பெருமைக்காகப் பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டு, பெர்சியஸால் மீட்கப்பட்டு, அவனையே மணந்து நன்றாக வாழ்ந்தவள். எழுத்து ஒத்துவராவிட்டாலும் விண்மீன் ஒத்துவருகிறது என்று வாதாடலாம். எழுத்து வரிசையும் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சற்று மாறும் என்பதால், உங்கள் குடும்பம் நம்பும் ஜோதிடரிடம் முதலில் எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயரைப் பிறகு சொல்லுங்கள். தலைகீழாகச் செய்தால் அவர் பெயரையே மாற்றச் சொல்வார்.

எண்கணிதத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கூட்டுத்தொகை சரிவர வேண்டும் என்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் ஏ, ஓர் எச் சேர்ப்பது நம்மவர்கள் வழக்கம். தமிழ்ப் பெயருக்கு அது தாங்கும். ஏற்கெனவே உச்சரிக்கக் கடினமான கிரேக்கப் பெயரில் இன்னொரு எழுத்தை நுழைத்தால், இணையத்தில் தேடினாலும் கிடைக்காத, கிரேக்கரே அடையாளம் காணாத ஒன்றாக அது ஆகிவிடும். எண் பார்த்தே ஆக வேண்டுமானால் இரண்டாவது பெயரில் பாருங்கள்.

மூன்றாம் படி: கதையின் கடைசிப் பக்கம்

கிரேக்கக் கதைகள் இரக்கமில்லாதவை. பெயர் தேன்போல ஒலிக்கும், முடிவு நஞ்சாக இருக்கும். மெடியா தன் பிள்ளைகளைக் கொன்றவள். நயோபி தன் மக்கட்செல்வத்தைப் பற்றிப் பெருமை பேசி, ஒரே நாளில் அத்தனை பேரையும் இழந்து கல்லாகி அழுதவள். இஃபிஜெனியாவைக் கப்பலுக்குக் காற்று வேண்டும் என்று தகப்பனே பலிகொடுக்கத் துணிந்தான். லியாண்டர் தினமும் கடல் நீந்திக் காதலியைப் பார்க்கப் போய், அவள் ஏற்றிய விளக்கு அணைந்த இரவில் மூழ்கினான். என் அளவுகோல் எளிமையானது: பெற்றவர் பிள்ளையைக் கொல்லும் கதை வேண்டவே வேண்டாம், மற்றதையெல்லாம் பேசிப் பார்க்கலாம்.

முழுக்கக் களங்கமற்ற கதையைத்தான் ஏற்பேன் என்றால் பட்டியலில் எதுவும் மிஞ்சாது. நாமும் சீதா என்று பெயர் வைக்கிறோம், கர்ணன் என்று வைக்கிறோம். அவர்கள் பட்ட பாடு தெரிந்துதான் வைக்கிறோம். அப்போலோ என்ற தேவனுக்கு இணங்காமல் ஓடி மரமாகிப்போன டாஃப்னியை ஏற்கலாம். கணவன் திரும்பிவர இருபது ஆண்டுகள் காத்திருந்து, மாமனாருக்கான ஈமத்துணியைப் பகலில் நெய்து இரவில் பிரித்து, மணக்க வந்தவர்களை ஏமாற்றிய பெனலொப்பியைத் தாராளமாக ஏற்கலாம். அவளைப் பொறுமைக்கு அடையாளமாகச் சொல்வார்கள். எனக்கு அவளிடம் பிடித்தது தந்திரம்.

கதையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஓஷியானஸ் என்ற பெருங்கடலோனுக்கு மூவாயிரம் மகள்கள் என்று பழைய கவிஞர் ஹெஸியட் பாடுகிறார். அவர்களில் பெயர் சொல்லப்பட்டவர்கள் சில பத்துப் பேர்தான். அந்தச் சிலரிலும் பலருக்குப் பெயரைத் தவிர வேறு வரலாறு கிடையாது. ஐயாந்தியும் ஸாந்தியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். நெரியஸ் என்ற கடல் முதியவனின் ஐம்பது மகள்களிலும் இப்படிப் பலர். யாரும் துரத்தவில்லை, யாரும் சபிக்கவில்லை. கதையை உங்கள் மகளே எழுதிக்கொள்ளட்டும்.

‘கிரேக்கப் பெயர்’ என்று இணையம் தரும் பட்டியல்களில் ரோமானியர்களும் கலந்திருப்பார்கள். டயானா, அரோரா, லூனா, மினர்வா எல்லாரும் ரோம். அவர்களுக்கு இணையான கிரேக்கர்கள் ஆர்ட்டெமிஸ், ஈயோஸ், செலினி, அதீனா. வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒருவராவது இதைக் கண்டுபிடித்துத் திருத்துவார்.

நான்காம் படி: தமிழ்ப் பெயர் ஒன்றும் கூடவே

இது என் பிடிவாதம். கிரேக்கப் பெயரோடு தமிழ்ப் பெயர் ஒன்றையும் சேர்த்தே பதியுங்கள். ஐயாந்தி கயல்விழி, அரியோன் இளமாறன், தியா மலர் என்று. மூன்றாவதாகத் தகப்பன் பெயர் வரும். இன்னாரின் மகன், மகள் என்ற குறியைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் முன்னெழுத்துப் பழக்கத்தை இங்கே விட்டுவிட்டு முழுப் பெயரையே எழுதிவிடுவது நல்லது. முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஆண்ட்ரோமெடாவுக்குப் பின்னால் தமிழ்ச்செல்வியும் அதற்குப் பின்னால் முத்துக்கருப்பனும் வந்தால், பள்ளிப் படிவங்களின் கட்டங்கள் போதாது. நீளமான தகப்பன் பெயருக்கு ரியா, மாயா, தியா போன்ற சிறு பெயர்களே பொருத்தம்.

இரண்டு பெயர் இருப்பதன் அருமை கோயிலில் தெரியும். சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில் அர்ச்சனைச் சீட்டை நீட்டுகிறீர்கள். பின்னால் வரிசை நீள்கிறது. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். “கயல்விழி, கார்த்திகை” என்றால் மந்திரம் தடையில்லாமல் ஓடும். “ஸாந்தி” என்றாலும் ஓடும். “அல்சையோனி” என்றால் அவர் தட்டைப் பிடித்தபடி ஒரு நொடி உங்களை நிமிர்ந்து பார்ப்பார். தவறில்லை, சாமிக்குப் புரியும். ஆனால் வரிசையில் நிற்பவர்களும் பார்ப்பார்கள்.

பெயர்சூட்டு விழாவில் காதில் மூன்று முறை சொல்லப்போகிறவர் அத்தையா பாட்டியா என்று தெரிந்தால், அவரிடம் முந்தின வாரமே சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவக் குடும்பங்களில் பழைய தெய்வத்தின் பெயர் வேண்டாம் என்று தயக்கம் வரலாம். ஃபீபி என்ற பெயர் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்பதை நினைவூட்டலாம். ஒலிச் சிக்கலை முன்பே சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் படி: காகிதம்

சிங்கப்பூரில் பிறந்த குழந்தையின் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும். முப்பதாம் நாள் பெயர் வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வசதியானது. விழாவை முடித்துவிட்டுப் பதிந்தாலும் அவகாசம் இருக்கும். லைஃப்எஸ்ஜி தளத்திலோ செயலியிலோ சிங்பாஸ் கொண்டு நீங்களே பதியலாம். 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் தரப்படுகிறது. தட்டச்சு செய்வது நீங்கள்தான் என்பதால், எழுத்துப் பிழைக்கும் பொறுப்பு உங்களுடையதே. கிரேக்கப் பெயர்களில் ஒய், ஐ இரண்டும் இடம்மாறும். பி, எச் சேர்ந்து ஃப ஆகும். கே எழுத்துக்கும் சி எழுத்துக்கும் சண்டை. பழைய கிரேக்க எழுத்துக்கூட்டலா, ஆங்கிலம் வழக்கமாக்கியதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் புழங்குவதையே எடுங்கள் என்பது என் ஆலோசனை. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரு முறை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பிள்ளை வளர்ந்தபின் மாற்ற வேண்டுமானால் வழக்கறிஞரிடம் போய்ப் பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். பதினைந்து வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது அந்தப் பெயரே தொடரும்.

பெற்றோர் இருவரும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் என்றால், இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைத்துவிடாது. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே நிரப்பும் படிவத்தில் பெயர் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருப்பதால், தகப்பன் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதையும் இரண்டு இடத்துக்கும் ஒன்றாக முடிவு செய்யுங்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு சிறு தாளில் பெயரைத் தமிழில் நீங்களே எழுதிவையுங்கள். பாலர் பள்ளியிலும் தொடக்கநிலை ஒன்றிலும் தமிழ் ஆசிரியர் பெயரட்டை எழுத அதைத்தான் கேட்பார். நீங்கள் தராவிட்டால் ஆங்கிலத்தைப் பார்த்து அவரே எழுதுவார். ஐயாந்தி ‘இயந்தே’ ஆகிவிடுவாள், ஆண்டு முழுக்கப் பயிற்சி ஏடுகளில் அதுவே இருக்கும்.